படித்த ஆள் சொன்னது

கசுங்கு, மலாவி
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாண்டித்துரை எழுதுறேன். வந்து சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு, உடம்புக்கு ஒண்ணும் இல்லை. உன் இருமல் எப்படி இருக்கு? அத்தான் முதுகுவலிக்கு டாக்டரைப் பாத்தாவளா?

ஞாயித்துக்கிழமை போன்ல நீ ரெண்டு வார்த்தைதான் பேசுதே. அதுக்குள்ள அத்தான் வாங்கிடுதாவ, அப்புறம் உன் மக சந்தனமாரி. அதான் நான் ஹாஸ்டல்ல இருந்த காலம் மாதிரி கடுதாசி எழுதலாம்னு உக்காந்தேன். போய்ச் சேர மூணு வாரம் ஆகுமாம். ஆகட்டும்.

இங்க என் வேலை என்னன்னு கேட்டியே. இந்தப் பக்கம் புகையிலைத் தோட்டம் ஜாஸ்தி. குடும்பம் குடும்பமா வந்து தோட்டத்துலயே குடிசை போட்டு வேலை பாக்காவ. அவங்களுக்கு அடையாள அட்டை, வைத்தியம், வயசான காலத்துல பென்ஷன் எல்லாம் கிடைக்க ஒரு நலநிதி ஏற்படுத்தணும். பல நாடுகள் சேர்ந்து செய்யுற திட்டம். பீடித் தொழிலாளர்களுக்கு நம்ம ஊர்ல எப்படிச் செஞ்சோம்னு சொல்லிக்கொடுக்க, லேபர் டிபார்ட்மெண்ட்ல இருந்து என்னை ரெண்டு வருஷத்துக்கு அனுப்பியிருக்காங்க.

முதல் வகுப்புல உன் போட்டோவைத்தான் காமிச்சேன். நீ தட்டை மடியில வச்சு இலை சுருட்டுற படம். "இது என் அக்கா. வீட்டுல இருந்தே வேலை. ஆனா கையில கார்டு இருக்கு, பி.எஃப். இருக்கு, அம்பத்தெட்டு வயசுல பென்ஷன் வரும்"னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. தோட்டத் தொழிலாளர் பெண்கள் சங்கத் தலைவி எஸ்நாத் பண்டா மட்டும் எந்திரிச்சு, "அந்தக் கார்டை நாங்க பாக்கணுமே"ன்னா.

உன் கார்டையும் பி.எஃப். புத்தகத்தையும் போட்டோ எடுத்து சந்தனமாரியை அனுப்பச் சொல்லு. பயிற்சிப் புத்தகத்துல அச்சடிக்கப் போறோம்.

எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லு.
பாண்டித்துரை


மேலகரம், தென்காசி
27 பிப்ரவரி 2025

அன்பான தம்பி பாண்டித்துரைக்கு அக்கா சங்கரேஸ்வரி எழுதுதது.

ஒன் லெட்டர் நேத்துதான் வந்திச்சு. தபால்காரரு ஸ்டாம்பைப் பாத்துட்டு, "இது எந்த ஊரு?"ன்னு நின்னு கேட்டுட்டுப் போனாரு. இங்கன எல்லாரும் சொகம். அத்தானுக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கு. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுததை நிறுத்துங்கன்னா கேக்கமாட்டேங்காவ. எனக்கு இருமல் காலையில மட்டுந்தான்.

வெயில் இப்பவே ஆளைக் கொல்லுது. அருவியில தண்ணி நூல் மாதிரி வருது. சந்தனமாரிக்கு ஜவுளிக்கடையில சம்பளம் கூட்டியிருக்காவ.

நீ அங்கன என்ன சாப்பிடுதே? அரிசி கெடைக்கா? அந்த எஸ்நாத்துன்னு எழுதியிருக்கியே, அவளுக்கு எத்தனை பிள்ளைங்க? அவ வேலைக்குப் போனா பிள்ளைங்களை யாரு பாப்பா? எதுக்கு என் கார்டைப் பாக்கணுங்கா?

கார்டு பீரோவுல எங்கனயோ கெடக்கு. தேடிப் பாக்கேன்.

ஒடம்பைப் பாத்துக்கோ. தண்ணியைக் காய்ச்சிக் குடி.
அக்கா


கசுங்கு
25 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைச்சதும் ரெண்டு தடவை படிச்சேன். நான் சுகமா இருக்கேன். இங்க மக்காச்சோள மாவுல நம்ம களி மாதிரி ஒண்ணு கிண்டுதாவ, அதைத்தான் சாப்பிடுறேன். அரிசியும் கிடைக்குது.

எஸ்நாத்துக்கு நாலு பிள்ளைங்க. பதினோரு வயசுல இருந்து புகையிலை பறிக்கிறாளாம். அவ கேக்குற கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியலைக்கா. "எங்க தோட்டத்துல கணக்குப் புத்தகம் முதலாளி கையில இருக்கு. உங்க அக்கா புத்தகம் யார் கையில?"ன்னு கேட்டா. "அக்கா கையிலதான்"னேன். சரிதானே? "படிக்கத் தெரியாதவளுக்கு அதை யாரு படிச்சுச் சொல்லுவா?"ன்னு அடுத்தது. அதிகாரிகள் சிரிச்சாங்க, அவ சிரிக்கல. சட்டம், விதி எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா அவ கேக்குறது அதுல எந்தப் பக்கத்துலயும் இல்லை. வகுப்பு முடிஞ்சு வரும்போது நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்னு எனக்கே குழப்பமா இருக்கு.

ஒரு நல்ல செய்தி. இங்கிருந்து ஆறு பேர் ஜூன் மாசம் தென்காசிக்கு வராங்க. எஸ்நாத்தும் வரா. பீடி சுத்துறவங்களை நேர்ல பாக்கணுமாம். உன் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கேன். எனக்கு இங்க பயிற்சி இருக்குறதால வர முடியாது. காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற ஸ்ரீவித்யான்னு ஒரு டீச்சர் கூட வந்து மொழிபெயர்ப்பாங்க.

கார்டு போட்டோ இன்னும் வரலையே?

பிரியமுள்ள
பாண்டித்துரை


மேலகரம்
14 ஏப்ரல் 2025

அன்பான தம்பிக்கு,

இன்னைக்குச் சித்திரை ஒண்ணு. பாயசம் வச்சேன். ஒன்னை நெனைச்சுக்கிட்டேன். நாங்க நல்லா இருக்கோம், நீயும் அப்படியே இருக்கணும்.

அவங்களை இங்கன கூட்டிட்டு வர வேண்டாம்டே. வீடு வெள்ளை அடிக்கல. பாத்ரூம் கதவு பேந்து கெடக்கு. ஜூன்ல சீசன் ஆரம்பிச்சிரும், குத்தாலத்துல ரூமே கெடைக்காது. வெளிநாட்டுலேர்ந்து வாறவங்களை இந்தச் சாரல்ல எங்கன உக்கார வைப்பேன்? எனக்கு நாலு பேரு முன்னால பேசவும் வராது.

கடையத்துப் பக்கம் எவ்வளவோ பேரு சுத்துதாவ, அங்கன கூட்டிட்டுப் போகச் சொல்லு. எங்க தெருவுலதான் பாக்கணும்னா ஜெஸி வீட்டுக்குப் போகட்டும். ஷமீம் பானு வீடு வேண்டாம். அவ எங்கிட்ட பேசி வருசக்கணக்காச்சு.

கார்டு கெடைக்கல.

அத்தான் ஒன்னைக் கேட்டாவ.
அக்கா


கசுங்கு
6 மே 2025

அன்புள்ள அக்கா,

நலம். நீங்க எல்லாரும் நலமா இருக்கணும்.

ஷமீம் பானுக்கா உன்கிட்ட பேசுறதில்லையா? ஸ்கூல் விட்டு வந்தா எனக்குச் சோறு போட்டவங்க ஆச்சே. என்ன சண்டை? ஏன் இவ்வளவு வருஷம் சொல்லல? போன ஞாயிறு போன்ல கேட்டேன், நீ அத்தான் கையில கொடுத்துட்டே.

அக்கா, டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. ஜூன் பதினெட்டு, புதன்கிழமை காலையில வருவாங்க. பாத்ரூம் கதவைப் பாக்க யாரும் வரல. வழக்கமானதுதான், பயப்படாதே. நீ எப்படி வேலை பாக்குறியோ அப்படியே பாரு. கேக்குறதுக்கு உள்ளதைச் சொல்லு, போதும். கார்டை மட்டும் எப்படியாவது தேடி எடுத்து வை. அதுக்காகத்தான் அவங்க இவ்வளவு தூரம் வராங்க.

எனக்கு உன் மேல கோபம் இல்லை. புரியலை, அவ்வளவுதான்.

பாண்டித்துரை


மேலகரம்
22 ஜூன் 2025

அன்பான தம்பிக்கு,

ஒடம்பு எப்படி இருக்கு? அங்கன இப்ப குளிர்காலமாமே, எஸ்நாத் சொன்னா. காதை மூடிக்கோ.

அவங்க வந்துட்டுப் போயிட்டாவ. நல்ல சாரல். ஆறு பேரும் ஒரு வேன்ல வந்து எறங்கினாவ, தெருவே வேடிக்கை பாத்துது. நாற்காலி வாங்கிப் போட்டிருந்தேன். அஞ்சு பேரு உக்காந்தாவ, எஸ்நாத் மட்டும் எம் பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டா. தட்டுல இருந்த தூளை எடுத்து மோந்து பாத்தா. என்னமோ சொன்னா. ஸ்ரீவித்யா டீச்சரு, "இந்த வாசனை எங்க வீட்டுல துணியிலயும் இருக்கும், சோத்துலயும் இருக்கும்னு சொல்லுதாங்க"ன்னா. நான் சிரிச்சேன், அவளும் சிரிச்சா. இலையை வாங்கிச் சுருட்டிப் பாத்தா, நாலாவது தடவை நல்லாவே வந்திச்சு.

பொறவு கார்டும் பி.எஃப். புத்தகமும் கேட்டாவ. எடுத்துக் குடுத்தேன். காணோம்னு ஒனக்கு எழுதினது பொய்தான். ஆபீசருங்க மேல்பக்கத்தைப் பாத்துட்டுப் போட்டோ எடுத்தாவ. எஸ்நாத் புத்தகத்தோட கடைசிப் பக்கத்தைத் திருப்பினா. அங்கன விரலை வச்சுக்கிட்டு எம் மூஞ்சியைப் பாத்தா.

"இதுல 2014-க்கு அப்புறம் எழுதவே இல்லையாம்மா, ஏன்னு கேக்காங்க"ன்னா டீச்சரு.

"அது பழைய கார்டு. அதுக்குப் பொறவு கார்டு இல்லை"ன்னேன்.

"வேலை?"

"வேலை இருக்கு. அதே வேலைதான். இலையும் தூளும் வருது, சுத்திக் குடுக்கோம். கார்டுதான் இல்லை."

"யார் நிறுத்துனது?"

தம்பி, ஒனக்கு உள்ளதைச் சொல்லிருதேன். கம்பெனி பேரு மாறுதுன்னு, எங்களுக்கு இலையும் தூளும் குடுக்குத பீடிக்கடை நயினாரு ஒரு பாரம் கொண்டுவந்து எல்லாருகிட்டயும் கையெழுத்து கேட்டாரு. பழைய கணக்கை முடிச்சாத்தான் புதுசு தொடங்க முடியும்னாரு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. தெரிஞ்ச ஒரு படிச்ச ஆளுகிட்ட கேட்டோம், போடலாம்னு சொன்னாவ. போட்டோம். நாங்களா வேலையை விட்டுட்டோம்னு அதுல எழுதியிருந்திச்சாம். புதுக் கணக்கு வரவே இல்லை.

நான் சொல்லச் சொல்ல ஆபீசருங்க எழுதினாவ. எஸ்நாத் நோட்டை மூடி மடியில வச்சுக்கிட்டா. போம்போது எங் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா.

நீ அங்கன சொன்னது பொய்யாப் போச்சேன்னு எனக்கு வெக்கமா இருக்கு.
அக்கா


கசுங்கு
15 ஜூலை 2025

அக்காவுக்கு,

இருமலுக்கு மருந்து சாப்பிடுறியா?

உன் கடிதம் வர்றதுக்கு முன்னாலேயே அவங்க வந்து சொல்லிட்டாங்க. அறிக்கையில எழுதியும் கொடுத்துட்டாங்க. பதினோரு வருஷம்! நான் லேபர் ஆபீஸ்ல இருக்கேன், என் அக்காவுக்குக் கார்டு இல்லைன்னு எனக்குத் தெரியாது. பொங்கலுக்குப் பொங்கல் வந்து உன் வீட்டுலதானே சாப்பிட்டேன்?

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். உன் சர்வீஸ் மொத்தம் எவ்வளவு? பத்து வருஷம் முடிஞ்சிருந்தா பென்ஷன் உரிமை போகாது. அதைப் பாத்தியா? ரெண்டாவது, அந்தப் படிச்ச ஆள் யாரு? நயினாருக்கு வேண்டியவனா? படிவத்தைப் படிக்காம அத்தனை பொம்பளைங்க வாழ்க்கையில விளையாடியிருக்கான். பேரை எழுது. அவன் மேலதான் முதல்ல புகார் கொடுக்கணும்.

எஸ்நாத் என்கிட்ட சரியாப் பேசலை. "உங்களுக்கு 2014-ம் வருஷம் ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டுட்டு, பதில் சொல்லுறதுக்குள்ள போயிட்டா. எதுக்குக் கேட்டான்னு தெரியலை.

உடனே எழுது.
பாண்டித்துரை


மேலகரம்
4 ஆகஸ்ட் 2025

தம்பி பாண்டித்துரைக்கு,

சொகமா இருக்கியா? இதை உக்காந்து படி.

2014 ஆடி மாசம். நயினாரு கடை வாசல்ல நாங்க நின்னோம். யாரும் கையெழுத்து போடல. ஷமீம் பானுதான் சொன்னா, "ஏட்டி சங்கரேஸ்வரி, ஒன் தம்பி லேபர் ஆபீஸ்லதானே இருக்கான், அவனைக் கேளு. அவன் சொன்னா போடுவோம்"னு. கடை போன்லேர்ந்து அடிச்சேன். ஸ்பீக்கர்ல போட்டாவ.

நீ, "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்"ன்னே. நான் பாரத்தைப் பத்திச் சொன்னேன். பாதியிலயே, "அது வழக்கமானதுதான். கணக்கை முடிச்சுட்டுப் புதுசா ஆரம்பிப்பாங்க. போடு"ன்னுட்டு வச்சிட்டே.

முப்பத்தோரு பேரு போட்டோம். முதக் கையெழுத்து நான்.

எங்கணக்கு ஒம்போது வருசம் ரெண்டு மாசம். சின்ன வயசுல சுத்தினதெல்லாம் அம்மா கார்டுல போயிட்டு. இன்னும் நாலு மாசம் இருந்திருந்தாக்கூட பத்துன்னு எடுத்துக்கிடுவாங்களாம், ஆபீஸ்ல பொறவு சொன்னாவ. ஷமீம் பானுவுக்கு எட்டரை வருசம். அவ அதுக்கப்புறம் எங்கிட்ட பேசல.

அப்ப நீ வேலையில சேந்த புதுசு. சொன்னா ஒடைஞ்சு போவேன்னு சொல்லல. அடுத்த வருசம் சொல்லுவோம்னு நெனைச்சேன். தள்ளித் தள்ளி இவ்வளவு தூரம் வந்திட்டு. ஒனக்காகத்தான் மறைச்சேனா, பேச்சு திரும்பக் கெளம்பினா மத்த பொம்பளைங்கல்லாம் என்னையே கேப்பாங்கன்னு பயந்து மறைச்சேனான்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல.

எஸ்நாத் அன்னைக்கு வேன் ஏறுததுக்கு முன்னால, அந்தப் படிச்ச ஆளு யாருன்னு டீச்சரை விட்டுக் கேட்டா. அவகிட்ட மட்டும் சொன்னேன்.
அக்கா


மேலகரம்
10 செப்டம்பர் 2025

தம்பிக்கு,

ரெண்டு ஞாயித்துக்கிழமையா போன் இல்லை. நாங்க அடிச்சாலும் எடுக்கலை. ஒடம்புக்கு முடியலையா? அத்தான் தெனமும் கேக்காவ. ஒனக்கு வேலை ஜாஸ்தின்னு சொல்லி வச்சிருக்கேன்.

சொல்லாமலே இருந்திருக்கலாமோன்னு இருக்கு. ரெண்டு வரி போடு.
அக்கா


கசுங்கு
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒண்ணும் இல்லை. உன் ரெண்டு கடிதமும் என் மேஜையில இருக்கு. பதில் எழுதி எழுதிக் கிழிச்சேன். மன்னிச்சுக்கோ. இந்த வார்த்தையை எழுதவே வெக்கமா இருக்கு.

எவ்வளவு யோசிச்சும் அந்த போன் எனக்கு ஞாபகம் வரலைக்கா. எந்த மீட்டிங், எந்த ரூம், ஒண்ணும் இல்லை. முதல்ல அது ஒரு ஆறுதலா இருந்துச்சு. ஞாபகம் இல்லாததை நான் சொன்னேன்னு எப்படி ஒத்துக்கிறதுன்னு எனக்குள்ளயே வாதாடிக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒருநாள் ஆபீஸ்ல தோட்டத்துப் பொண்ணு ஒருத்தி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுனா. நான் நிமிந்துகூடப் பாக்காம, "அது வழக்கமானதுதான்"னு சொன்னேன். சொல்லி முடிச்சதும் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் படிச்சேன். அதை நான் தினமும் பத்துத் தடவை சொல்லுறேன் அக்கா.

வகுப்புல உண்மையைச் சொன்னேன். போட்டோவைக் காமிச்சு, இவங்களுக்குக் கார்டு இல்லை, இல்லாமப் போனதுக்கு நானும் ஒரு காரணம்னு சொன்னேன். கை தட்டல் இல்லை. எஸ்நாத் எந்திரிச்சு, "அப்போ இந்த நிதியில இருந்து விலகுற படிவத்தை யாரும் தனியா நின்னு கையெழுத்து போடக்கூடாது. எங்க மொழியில, எங்க ஆள் படிச்சுச் சொல்லணும். ஒரு மாசம் யோசிக்க நாள் வேணும்"னா. நிதியோட விதிகள் வரைவுல சேத்திருக்கோம். மேல ஒத்துக்குவாங்களான்னு தெரியலை.

இதோட ஒரு வாக்குமூலம் இருக்கு. படிவத்தைப் பாக்காமலே போன்ல கையெழுத்து போடச் சொன்னேன், அதை நம்பித்தான் முப்பத்தோரு பேரும் போட்டாங்க, தாங்களா வேலையை விடலைன்னு எழுதி, கையெழுத்து போட்டிருக்கேன். பி.எஃப். ஆபீஸ்ல கொடுத்து மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாம். ஜெயிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இனிமே தெரியாததைச் சொல்ல மாட்டேன். இதைக் கொடுத்தா என் டிபார்ட்மெண்ட்ல எனக்குக் கேள்வி வரலாம், வராமலும் போகலாம். கொடுக்கிறதும் கிழிச்சுப் போடுறதும் உன் இஷ்டம். எதைச் செஞ்சாலும் எனக்குச் சம்மதம்.

உன் தம்பி
பாண்டித்துரை


மேலகரம்
9 நவம்பர் 2025

அன்பான தம்பி பாண்டித்துரைக்கு,

ஒன் லெட்டரைப் பாத்தப் பொறவுதான் எனக்குச் சோறு எறங்கிச்சு. நேரா நேரத்துக்குச் சாப்பிடு. இங்கன ஐப்பசி மழை, அருவியில குளிக்க விடல.

ஒன் வாக்குமூலத்தைப் பத்து நாளு தலகாணிக்கு அடியில வச்சிருந்தேன். கிழிச்சிரலாம்னு மூணு தடவை எடுத்தேன். அது என் ஒருத்தி கார்டா இருந்தா கிழிச்சிருப்பேன். மத்த முப்பது பேருக்கு நான் என்ன சொல்ல?

போன திங்கக்கிழமை காலையில எல்லாரும் பீடி குடுக்க வந்த நேரம் நயினாரு கடை வாசல்ல நின்னு, "ஒரு விசயம் வாசிக்கேன், கேளுங்க"ன்னேன். வாசிச்சேன். நயினாரு உள்ள இருந்து, "எதுக்குட்டி இங்கன கூட்டம்?"னு வந்தாரு. ஜெஸி, "நீரு உள்ள போம்"னா.

ஷமீம் பானு சொவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தா. பதினோரு வருசம் கழிச்சு எம் மூஞ்சியைப் பாத்து, "நீ சொல்லிக் குடுத்து எழுதினானா?"ன்னா.

"இல்ல. அவனா எழுதினது."

"அப்ப இன்னொரு தடவை வாசி."

வாசிச்சேன். முடிச்சதும் அவ தட்டை எடுத்துட்டு விறுவிறுன்னு போயிட்டா. எனக்கு ஒண்ணுமே வெளங்கல.

வியாழக்கிழமை திருநெல்வேலி பி.எஃப். ஆபீசுக்குப் பஸ் ஏறினோம். முப்பத்தோரு பேருல நாலு பேரு செத்துப் போயிட்டாவ. அஞ்சு பேரு நயினாருக்குப் பயந்து வரல. பஸ் கெளம்பும்போது ஷமீம் பானு ஓடி வந்து ஏறினா. எம் பக்கத்துல எடம் இருந்திச்சு, முன்னால போயி நின்னுக்கிட்டா.

ஆபீஸ்ல ஒரு பொம்பளை ஆபீசரு. மனுவைப் படிச்சாவ, ஒன் வாக்குமூலத்தைப் படிச்சாவ. "இவரு இன்னும் சர்வீஸ்ல இருக்காரா? உங்க கூடப்பொறந்த தம்பியா? இது ரெக்கார்டுல ஏறினா திருப்பி வாங்க முடியாது. வெளிய போயி யோசிச்சுட்டு வாங்கம்மா"ன்னாவ.

வெளிய வந்து படியில உக்காந்தேன். எல்லாரும் என்னையே பாக்காவ. ஒருத்தியும் குடுன்னு சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. எனக்கு அழுகை வரல. ஒன்னை நெனைச்சேன். பொறவு ஒன்னை நெனைக்காம இருக்கப் பாத்தேன். ஷமீம் பானு வந்து கொஞ்சம் தள்ளி உக்காந்தா. "அவனுக்கு வேலை போயிருமாட்டி?"ன்னு கேட்டா.

"தெரியல"ன்னேன்.

"எனக்கும் மனசு கேக்கலட்டி. ஆனா வேண்டாம்னும் சொல்லமாட்டேன்"னா.

எந்திரிச்சு உள்ள போயி குடுத்துட்டேன், தம்பி.

ரசீது தந்தாவ. விசாரணை ஜனவரி பன்னெண்டாம் தேதி. கம்பெனி ஆளையும் நயினாரையும் கூப்பிடுவாங்களாம். ஒனக்கும் லெட்டர் வரும்னு சொன்னாவ.

நான் செஞ்சது சரியான்னு எனக்குத் தெரியல. ஒம்மேல கோவமா இருக்கேனா இல்லையான்னும் தெரியல. பஸ்ல வரும்போது இருந்திச்சு, வீட்டுக்கு வந்து ஒன் சின்ன வயசு போட்டோவைப் பாத்ததும் இல்லை, மறுநா தட்டை எடுத்தப்போ திரும்ப வந்திச்சு. இருந்துட்டுப் போகட்டும்.

எஸ்நாத்துகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு. அவ சேக்கச் சொன்னது சேந்திச்சான்னு எழுது.

ஜனவரியில லீவு போட்டு வா. பணம் ஒண்ணும் கொண்டுவர வேண்டாம். வந்ததும் நேரா நம்ம வீட்டுக்கு வந்துராத. முதல்ல ஷமீம் பானு வீட்டுக்குப் போ. அவ கதவைத் தொறக்க நேரமாகும், வாசல்ல நில்லு. அவ வான்னு சொன்னா உள்ள போயி இரு. அதுக்குப் பொறவு இங்கன வா, சோறு வச்சிருப்பேன்.

அத்தானும் சந்தனமாரியும் கேட்டதாச் சொன்னாவ.

ஒன் அக்கா
சங்கரேஸ்வரி